குதிரை நடையும் புள்ளலூர்ப் போரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என் தங்கை பேத்தி போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தாள். ஊட்டிக்குப் போன இடத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குதிரை ஏறிக் காட்டுப் பாதையில் போயிருக்கிறார்கள். முன்னால் போன குதிரை லேசாக ஓட ஆரம்பித்ததும், இவள் குதிரையும் கூடவே ஓடியிருக்கிறது. கடிவாளத்தை இழுக்க இழுக்க இன்னும் வேகமாம். "தாத்தா, ஏழு குதிரைக்கே இந்தப் பாடு. அந்தக் காலத்துல ஆயிரக்கணக்கான குதிரைய எப்படி ஒண்ணா நடத்தினாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேட ஊட்டிக்கோ டில்லிக்கோ போக வேண்டாம். நம் முசரவாக்கத்துக்காரர்கள் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் புள்ளலூர் இருக்கிறது. பதில் அங்கே இருக்கிறது.

முதலில் குதிரையைப் பற்றிக் கொஞ்சம். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் காஞ்சிபுரத்து ஜட்கா வண்டிகள் நினைவிருக்கும். குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தில் தோலில் ஒரு மறைப்பு கட்டியிருப்பார்கள். ஏன் என்று ஒரு வண்டிக்காரரிடம் சின்ன வயதில் கேட்டேன். "அதுக்கு ரெண்டு பக்கமும் கண்ணுடா தம்பி. பின்னால வர்ற சக்கரத்தப் பாத்தா மிரண்டுடும்" என்றார். அவர் சொன்னது விலங்கியல். குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், ஏறக்குறைய தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அது பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும், வாலுக்குப் பின்னே கொஞ்சமும்தான் தெரியாது. புலியிடமும் ஓநாயிடமும் தப்பிப் பிழைத்த கூட்டத்து விலங்கு அது. கூட்டத்தில் ஒன்று ஓடினால் மற்றவை காரணம் கேட்பதில்லை. காரணம் கேட்டு நின்ற குதிரைக்கு வம்சம் விளங்கியிருக்காது.

அந்த வண்டிக்காரர் இன்னொன்றும் சொன்னார். "காத பாரு. காது எங்க திரும்புதோ அங்கதான் குதிர இருக்குது." ஒரு காது பின்னால் ஓட்டுகிறவன் பக்கம் திரும்பியிருந்தால் அது நம் சொல் கேட்கும் நிலையில் இருக்கிறது. இரண்டு காதும் முன்னால் விறைத்துவிட்டால் மனசு முன்னால் போகும் குதிரையிடமோ புதரில் அசைந்த எதனிடமோ போய்விட்டது. அப்போது முழு பலத்தோடு கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் பயனில்லை. குதிரையின் கழுத்து பலத்துக்கு நம் கை பலம் எந்த மூலைக்கு? நாம் இழுக்க, அது கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகம் பிடிக்கும். தெரிந்தவர்கள் ஒரு கணம் பிடித்து உடனே தளர்த்துவார்கள். மறுபடி பிடித்துத் தளர்த்துவார்கள். பாதை அகலமாக இருந்தால் ஒரு பக்கமாகத் திருப்பி வட்டமடிக்க வைப்பார்கள். வேகத்தைக் குறைக்கும் முன்பே கவனத்தைத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். பேத்தி, உன் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

குதிரை நம் மண்ணில் பிறந்த விலங்கு அல்ல என்றாலும், அதன் நடையைப் பகுத்துப் பார்த்தவர்கள் தமிழர்கள். மல்லகதி, மயூரகதி, வானரகதி, வியாக்கிரகதி, இடபகதி என்று குதிரைக்கு ஐந்து கதி சொல்வது மரபு. மல்லன், மயில், குரங்கு, புலி, காளை என்று ஒவ்வொரு நடைக்கும் ஓர் உவமை. குதிரை பழக்கும் இடத்துக்கு 'வையாளி வீதி' என்றே ஒரு பெயர் இருந்தது. இன்றும் ஸ்ரீரங்கத்தில் குதிரை வாகனத்தைத் தோளில் சுமந்தபடி ஓட்டமும் நடையுமாகப் போகும் சேவைக்கு 'வையாளி' என்றுதான் பெயர். நம் வரதராஜர் உற்சவத்திலும் குதிரை வாகனம் பார்த்திருப்பீர்கள். தண்டைத் தோளில் தாங்குகிறவர்களில் முன்வரிசைக்காரர்கள் தம் இஷ்டத்துக்கு எட்டு வைத்தால் என்ன ஆகும்? பின்வரிசை தடுமாறும், பெருமாள் சாய்ந்துவிடுவார். அதனால் எல்லோரும் ஒரே அடியாக வைக்கிறார்கள். முன்னால் இருப்பவனின் வேகத்தைப் பின்னால் இருப்பவனின் கால்தான் முடிவு செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புள்ளலூரில் தேவைப்படும்.

நடை தெரிந்திருந்தும் பராமரிப்பு போதாமல் நாம் பட்ட நஷ்டமும் வரலாற்றில் இருக்கிறது. பட்டினப்பாலை காலத்திலிருந்தே குதிரைகள் கடல் வழியாக வந்து இறங்கின. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் துறைமுகங்களில் இந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்றும் ஒன்றின் விலை 220 தினார் பொன் என்றும் எழுதினார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றார். பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் இல்லாததே காரணம் என்றும் எழுதிவைத்தார். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் இரண்டு வெளிநாட்டார் கண்ணிலும் பட்ட விஷயம் ஒன்றுதான். கஜானாவைத் திறந்தால் குதிரை வரும், அதை நடத்தத் தெரிந்த கை அதனோடு சேர்ந்து வராது.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். கணக்கு வாத்தியார் போல ஒரு சின்னக் கணக்கு. ஒரு குதிரையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். முன்குதிரை உதைத்தால் படாமலிருக்க அதே அளவு இடைவெளி விட வேண்டும். ஆக ஒரு குதிரைக்கு 5 மீட்டர். நூறு குதிரை ஒற்றை வரிசையில் போனால் அரை கிலோமீட்டர். குதிரை நடந்தால் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர், துள்ளுநடையில் 12 முதல் 15 வரை. வரிசையின் தலை ஒரு வாய்க்காலைத் தாண்டி மேட்டில் ஏறியதும் துள்ளுநடை போட்டால், சேற்றில் இன்னும் கால் வைக்காத கடைசிக் குதிரைகளுக்கு முன்னே இடைவெளி விரியும். அவை பயந்து, விட்ட இடத்தைப் பிடிக்க நாலுகால் பாய்ச்சலில் வரும். அதற்குள் தலை வேகத்தைக் குறைத்திருந்தால், பின்னால் வருபவை முன்னவற்றின் மேல் மோதும். முன்னால் போகிறவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்குச் சீராகப் போனதாக நினைத்துக்கொண்டிருப்பான். அதனால்தான் வரிசைக்குத் தலைமை தாங்குகிறவனுக்கு முதல் பாடம், கடைசிக் குதிரை வாய்க்காலைத் தாண்டும் வரை காத்திரு என்பது. நடையை மாற்றுமுன் சொல்லிவிட்டு மாற்று என்பது இரண்டாவது. உதைக்கிற குதிரையைக் கடைசியில் விடு, மிரள்கிற குதிரையை நிதானமான குதிரைக்குப் பின்னால் விடு என்பது மூன்றாவது. ஏழு குதிரைக்கும் ஏழாயிரம் குதிரைக்கும் பாடம் இதேதான்.

இனி புள்ளலூர். இந்த ஊருக்குப் போர் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, 1780-இல், மறுபடி போர் வந்தது. பாடப்புத்தகத்தில் 'இரண்டாம் மைசூர்ப் போர்' என்று நாலு வரி படித்திருப்பீர்கள். அந்த நாலு வரிக்குள் நம் வயல்வெளிகள் இருக்கின்றன.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய் வழியாக இறங்கி ஆற்காட்டை முற்றுகையிட்டார். சென்னையிலிருந்து ஜெனரல் ஹெக்டர் மன்றோ 5,000 பேருக்கு மேற்பட்ட படையோடு ஆகஸ்ட் கடைசியில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஏறக்குறைய 2,800 பேரோடு வந்து அவரோடு சேர வேண்டும். திட்டம் காகிதத்தில் சுலபம்.

பெய்லி ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். அப்போது ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே தங்கினார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் கரையிலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. கடந்து வந்த பிறகு செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே திப்பு சுல்தான் மறித்துக்கொண்டார். அன்றைய சண்டையில் பெய்லி தாக்குப்பிடித்தார். ஆனால் தன்னால் நகர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்குச் சொல்லியனுப்பினார். இருவருக்கும் நடுவே ஏறக்குறைய 14 மைல்தான். ஒரே கூட்டத்தின் தலையும் வாலும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாத தூரத்தில் நின்றன.

ஏன் பார்க்க முடியவில்லை? குதிரை இல்லை. கும்பெனிப் படையின் பலம் காலாட்படையும் பீரங்கியும்தான். குதிரைப்படைக்கு ஆற்காட்டு நவாபை நம்பியிருந்தார்கள். நவாபோ தன் குதிரைவீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி வைத்திருந்தார். சம்பளம் இல்லாதவன் எதற்கு உயிரைக் கொடுப்பான்? ஆகவே முன்னே போய் வழி பார்க்கவும் பக்கத்தில் காவலாக வரவும் ஆளில்லாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த கதையாயிற்று. அதற்கு மேல் மாட்டுவண்டிகள். பீரங்கியும் மருந்துப் பெட்டியும் இழுக்கும் மாடு மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் பெரிது. படையின் வேகம் அந்த மாட்டின் வேகம்தான்.

மன்றோ தன் படையிலிருந்து ஏறக்குறைய 1,000 பேரைக் கர்னல் பிளெட்சரிடம் கொடுத்து அனுப்பினார். பிளெட்சர் கவனமான மனிதர். வழிகாட்டிகள் மேல் சந்தேகம் வந்ததும் பாதையை மாற்றிக்கொண்டு, மறித்துக் காத்திருந்தவர்களிடம் சிக்காமல் செப்டம்பர் 9 அன்று பெய்லியோடு சேர்ந்தார். அன்றிரவே எல்லோரும் காஞ்சிபுரம் நோக்கிக் கிளம்பினார்கள். சில மைல் போனதும் பெய்லி படையை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விடியட்டும் என்று ஆற்றங்கரையில் காத்திருந்தவர் இங்கேயும் விடியட்டும் என்று காத்திருந்தார்.

அந்த இரவில் ஹைதர் என்ன செய்தார் என்பதுதான் பேத்தியின் கேள்விக்கு மீதிப் பதில். போரை எழுதியவர்கள் சொல்வது இது. மெதுவாகப் போகிற காலாட்படையையும் பீரங்கிகளையும் அவர் இருட்டியதும் முன்னால் அனுப்பிவிட்டார். குதிரைப்படையோடு தான் மன்றோவைக் கவனித்துக்கொண்டு அங்கேயே இருந்து, விடியும் நேரத்தில் புறப்பட்டார். மெதுவான கால்களுக்கு முன்கூட்டியே நேரம் கொடுத்து, வேகமான கால்களைப் பிடித்து வைத்திருந்ததால், இரண்டும் வேண்டிய நேரத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. வேகமான குதிரை எல்லா அரசரிடமும் இருந்தது. அதை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

செப்டம்பர் 10 காலை. புள்ளலூர் அருகே பெய்லியின் படை பீரங்கிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மைசூர்க் குதிரைகள் நாலு பக்கமும் சூழ்ந்திருந்தன. ஆனால் உடனே பாயவில்லை. இரும்புக் குழல் ராக்கெட்டுகள் சீறுகின்றன, பீரங்கி வெடிக்கிறது, புகை கண்ணை மறைக்கிறது. பழக்காத குதிரையாக இருந்தால் ஒன்று மிரண்டதும் ஓராயிரம் மிரண்டு தன் படையையே மிதித்திருக்கும். இவை நின்றன. சத்தத்துக்குப் பழக்கிய குதிரையும், நம் வண்டிக்காரர் சொன்ன அந்தக் காதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் சேர்ந்தால்தான் அப்படி நிற்க முடியும். பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறி அணிவகுப்பு குலைந்த பிறகுதான் குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. மிஞ்சியவர்கள் சதுரமாக நின்று பலமுறை தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் சரணடைந்தார்கள். ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட படை அன்று இல்லாமல் போயிற்று. பிளெட்சர் களத்தில் மாண்டார். சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார்.

மன்றோ? பீரங்கிச் சத்தம் கேட்டுப் புறப்பட்டவர், முடிவு தெரிந்ததும் காஞ்சிபுரத்துக்கே திரும்பினார். கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இதில் குதிரைக்காரன் மனசும் ஒரு பங்கு. அந்தக் காலத்துப் படைகளில் 'சில்லேதார்' என்று ஒரு முறை உண்டு. வீரன் சொந்தக் குதிரையோடு வேலைக்கு வருவான், குதிரைக்கும் சேர்த்துச் சம்பளம். குதிரை செத்தால் அவன் பிழைப்பும் போயிற்று. அதனால் குதிரையை நன்றாகக் கவனிப்பான், குண்டு விழும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோக மாட்டான். ஹைதரிடம் சில்லேதார்களும் இருந்தார்கள், அரசாங்க லாயத்துக் குதிரை ஏறியவர்களும் இருந்தார்கள். சுற்றி வளைக்க ஒரு வகை, பாய்வதற்கு ஒரு வகை. எந்தக் குதிரையை வரிசையில் எங்கே விடுவது என்ற அதே மூன்றாவது பாடம்.

அவர் வேகத்துக்கு இன்னொரு காரணம், மாடு. மைசூரின் அம்ரித் மஹால் மாடுகள் பீரங்கி இழுப்பதில் பெயர் பெற்றவை. அவற்றின் உதவியால் ஹைதர் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் போனார் என்று மைசூர் கெசட்டியர்கள் எழுதுகின்றன. கூட்டத்தில் மெதுவானது எதுவோ அதைத் தேற்றினால் மொத்தக் கூட்டமும் வேகமாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கும்பெனிக்கு இது புரியக் காலம் பிடித்தது. அடுத்த ஆண்டு 1781 ஆகஸ்ட் 27 அன்று சர் அயர் கூட் இதே புள்ளலூரில் ஹைதரோடு மோதினார். அதற்கு முன் பரங்கிப்பேட்டையிலும், பின் சோளிங்கரிலும் வென்றார். ஆனால் குதிரையும் மாடும் போதாததால் எந்த வெற்றியையும் தொடர்ந்து பிடித்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

ஹைதர் மெச்சத்தக்க தளபதி என்று எழுதும்போதே இதையும் எழுத வேண்டும். அத்தனை ஆயிரம் குதிரை தின்ற கொள்ளும் புல்லும் யாருடையவை? குடித்த ஏரித் தண்ணீர் யாருடையது? சென்னையைச் சுற்றிய ஊர்களை ஹைதரின் படை எரித்துப் பாழாக்கியது, எதிரிக்கு ஒரு பிடி தானியம் கிடைக்கக்கூடாது என்பதற்காக. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து, நிலம், ஏரி, கோயில், வீடு என்று கணக்கெடுத்திருந்தார். கணக்கு முடிந்து ஆறே ஆண்டில் அந்த ஊர்களின் மேல் போர் நடந்தது. நெசவாளர்களும் உழவர்களும் ஊரை விட்டு ஓடினார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் 'ஐதர் கலாபம்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குதிரையை அடக்கத் தெரிந்தவர்களுக்குப் போரை அடக்கத் தெரியவில்லை. இரண்டு தரப்புக்கும் இது பொருந்தும்.

இந்த வெற்றியைத் திப்பு 1784-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வரைய வைத்தார். மைசூர் சுற்றுலா போகிறவர்கள் அவசியம் பாருங்கள். சதுரத்துக்கு நடுவே பல்லக்கில் பெய்லி, இரு பக்கமும் வரிசை வரிசையாகக் குதிரைகள். அதைப் பார்த்துவிட்டு நம் வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்கும் வாருங்கள். விஜயநகரச் சிற்பிகள் தூண்களில் செதுக்கிய குதிரைகள் முன்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. பார்க்க அழகு. ஆனால் புள்ளலூரில் வென்ற குதிரை அன்று காலை வெகுநேரம் நாலு காலும் தரையில் ஊன்றி நின்ற குதிரை. அதைச் செதுக்கினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்று சிற்பிக்குத் தெரியும்.

புள்ளலூரில் 1781 போரில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வயலோரம் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. இறந்த சிப்பாய்களுக்கும், ஊரை விட்டு ஓடியவர்களுக்கும், குதிரைகளுக்கும் எதுவும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் சொல்லுங்கள், சேர்ந்து போய்ப் பார்த்து வருவோம். வண்டிகளில் போகும்போது முன்வண்டி ஓட்டுகிறவர் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டவும். எனக்கு வயதாகிவிட்டது, நான் கடைசி வண்டியில்தான் வருவேன்.